பானெட் பஞ்சு உதிர்கிறது: எதை ஒட்டலாம், எதை ஒட்டக் கூடாது

மார்ச் 2 (கேள்வி)

1982 மெர்சிடிஸ் டபிள்யூ 123, 240 டி, டீசல் கார். பானெட்டின் அடியில் ஒட்டியிருக்கும் பஞ்சு, விரல் பட்டாலே மாவாகக் கொட்டுகிறது. பாதி ஏற்கெனவே போயாச்சு. மீதியையும் சுரண்டிவிட்டு, கதவுகளுக்குள் ஒட்டுகிற அலுமினிய முகம் போட்ட பியூட்டைல் (பிசின் மாதிரி ஒட்டும் ரப்பர்) ஷீட்டை அங்கேயும் ஒட்டிவிடலாம் என்று இருக்கிறேன். என்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகரச் சுவர், ஃபயர்வால், அதற்கும் அதேதான். பஞ்சைவிடக் கனமானது, அதனால் சத்தமும் நன்றாக அடங்கும் என்பது என் கணக்கு. சரிதானா? அந்தப் பஞ்சு ஏன் இப்படி மாவாகிறது?

மார்ச் 2

பானெட்டில் பியூட்டைல் வேண்டாம். நீங்கள் நினைக்கிற வேலையை அது அங்கே செய்யாது.

சத்தத்துக்கு எதிராகப் பயன்படும் பொருள்கள் மூன்று வகை. தகரம் அதிர்வதை அடக்குவது ஒன்று. பியூட்டைல், பழைய தார் ஷீட் இரண்டும் இந்த வகை. காற்றுவழி வரும் சத்தத்தைத் தன் எடையால் மறிப்பது இரண்டாவது. கனமான வினைல் ஷீட் அப்படிப்பட்டது, சதுர மீட்டருக்கு 5 கிலோ அளவில் கிடைக்கும். சத்தத்தை உள்ளே வாங்கி, கண்ணறைகளுக்குள் உரசவிட்டு, கடைசியில் சூடாக மாற்றித் தீர்ப்பது மூன்றாவது. திறந்த கண்ணறை ஃபோமும் ஃபெல்ட்டும் இதில் அடங்கும்.

உங்கள் பானெட்டில் இருந்தது மூன்றாவது வகை. என்ஜின் சத்தம் மேலே போய் வெறும் தகரத்தில் மோதித் திரும்பும். பிறகு ஃபெண்டர் இடுக்கு, சக்கர வளைவு, ஃபயர்வால் என்று கிடைத்த வழியில் வெளியேறும். அந்த எதிரொலியை ஃபோம் குறைக்கிறது. பியூட்டைலின் அலுமினிய முகம் அதை அப்படியே திருப்பி அனுப்பும். பானெட்டைத் தட்டினால் வரும் 'டொங்' மட்டும் 'தப்' என்று மாறும்.

எடையையும் போட்டுப் பாருங்கள். ஒட்டும் பரப்பு 1.5 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 2 மி.மீ. பியூட்டைல் சுமார் 4.5 கிலோ வரும். கனமான வினைல் 7.5 கிலோ. கன மீட்டருக்கு 30 கிலோ அடர்த்தியுள்ள 25 மி.மீ. ஃபோம் 1.1 கிலோவைச் சற்றே தாண்டும். பானெட் ஸ்பிரிங் கணக்குப் பண்ணப்பட்டது ஃபோமின் எடைக்கு. பழைய ஸ்பிரிங்கின் மேல் மூன்று நான்கு கிலோ கூடுதலாக ஏற்றினால், திறந்து வைத்த பானெட் நிற்காமல் இறங்கத் தொடங்கும். கீழே தலையை நீட்டிக்கொண்டு வேலை செய்பவருக்கு அது ஆபத்து.

ஃபயர்வாலில் பியூட்டைலுக்கு இடம் உண்டு. அது உள்பக்கம், டாஷ்போர்டுக்குக் கீழே. என்ஜின் பக்கம் இல்லை.

மார்ச் 2, இரவு

புதியது வரும்வரை பழையது இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடாதீர்கள். தொங்குகிற துண்டுகளையாவது இன்றைக்கே கையால் எடுத்துவிடுங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் மேல் விழுந்தால் கருகி நாறும், எண்ணெயில் ஊறிய துண்டாக இருந்தால் தீயே பிடிக்கும். ஏர் கிளீனரின் வாய்க்குப் பக்கத்தில் விழுகிற தூள் நேராக ஃபில்டருக்குத்தான் போகும். ஆல்டர்னேட்டரின் காற்றுத் துளைகளில் அடைந்த பிசுபிசுப்புத் தூளை வெளியே எடுப்பது பெரிய பாடு.

அது ஏன் மாவாகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். பாலியூரித்தேன் ஃபோமில் இரண்டு குடும்பம். பாலியெஸ்டர் வகையை ஈரமும் சூடும் சேர்ந்து அறுக்கும்: முதலில் பிசின் மாதிரி ஒட்டும், பிறகு நொறுங்கும். பாலியீதர் வகை ஈரத்தைத் தாங்கும், ஆனால் ஆக்சிஜனும் வெளிச்சமும் அதைத் தின்னும். என்ஜின் அறையில் ஈரம், சூடு, எண்ணெய் ஆவி எல்லாமே இருப்பதால் எந்த வகையும் நிரந்தரம் இல்லை. புதிதாக ஒட்டப்போவதும் ஒருநாள் உதிரும் என்று நினைத்தே வேலை செய்யுங்கள். அடுத்தவர் சுரண்டி எடுக்கும்போது பெயின்ட் மிஞ்ச வேண்டும்.

மார்ச் 3

"ஃபோம் ஒட்டினால் உள்ளே எவ்வளவு குறையும்?"

டீசலின் கடகடப்பு, வால்வு சத்தம், இன்ஜெக்டர் டிக்டிக் இவை வெளியே நிற்பவருக்குத் தெளிவாகக் குறையும். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு ஓரளவுதான். 60-க்கு மேல் போகும்போது காதை அழுத்துகிற 'ஊம்' என்ற ஓசை கொஞ்சமும் குறையாது.

காரணம் அலைநீளம். நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது. நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு 100 வெடிப்பு, அதாவது 100 ஹெர்ட்ஸ். அந்த அலையின் நீளம் 3.4 மீட்டர். ஃபோம் நன்றாக வேலை செய்ய அதன் கனம் அலைநீளத்தில் கால்பங்காவது இருக்க வேண்டும், பத்தில் ஒரு பங்கிலிருந்து கொஞ்சம் பலன் தெரியத் தொடங்கும். 25 மி.மீ. ஃபோமுக்கு இதைப் போட்டால், சுமார் 1400 ஹெர்ட்ஸில் தொடங்கி 3400 ஹெர்ட்ஸில் முழு வேகத்துக்கு வரும். 100 ஹெர்ட்ஸை ஃபோமால் பிடிக்க வேண்டுமானால் 85 செ.மீ. கனம் வேண்டும். பானெட்டுக்கும் என்ஜினுக்கும் நடுவே அதற்கு எங்கே இடம்?

அந்த 'ஊம்' என்ஜின் மவுன்ட் (என்ஜினைத் தாங்கும் ரப்பர் பிடிப்பு), எக்ஸாஸ்ட் தொங்கல் ரப்பர், கியர்பாக்ஸ் மவுன்ட் வழியாக உடம்புக்குள் ஏறுகிறது. மவுன்ட் தளர்ந்த வண்டியில் எத்தனை அடுக்கு ஃபோம் ஒட்டினாலும் அது போகாது. முதலில் மவுன்டைப் பாருங்கள்: ரப்பரில் வெடிப்பு, எண்ணெய் ஊறி உப்பியது, என்ஜின் ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்தது.

மார்ச் 3, மாலை

காலையில் எழுதியதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது, என் பார்வையில் இந்தப் பக்கத்திலேயே முக்கியமானது.

ஃபயர்வாலில் ஓட்டை இருக்கும்போது பஞ்சு ஒட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதிச் சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபெலைத் தாண்டாது. ஃபயர்வால் அரை சதுர மீட்டர் என்றால் நூற்றில் ஒன்று 50 சதுர செ.மீ., கிட்டத்தட்ட மூன்று தீப்பெட்டிகளின் பரப்பு. காய்ந்து சுருங்கிய ஒயரிங் கிரோமெட் (ஒயர் நுழையும் துளையில் மாட்டும் ரப்பர் வளையம்), கிழிந்த ஸ்டீயரிங் ரப்பர் உறை, ஹீட்டர் குழாய்களைச் சுற்றிய இடைவெளி, யாரோ ரேடியோவுக்காகத் துளைத்து மூடாமல் விட்ட துளை எல்லாவற்றையும் கூட்டினால் பழைய காரில் அந்த அளவு சுலபமாகத் தேறும்.

கண்டுபிடிக்க: இரவில், என்ஜின் அறைக்குள் பளிச்சென்ற விளக்கை வைத்து பானெட்டை மூடுங்கள். உள்ளே டாஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டுப் பாருங்கள். வெளிச்சம் வரும் இடமெல்லாம் சத்தமும் பெட்ரோல் வாடையும் வரும் இடம். பெடல் பெட்டியைச் சுற்றித்தான் அதிகம் தெரியும். கம்பளத்தை ஒதுக்காமல் பார்த்தால் பாதி தெரியாது.

பெரிய துளைக்கு உரிய கிரோமெட்டையே வாங்கிப் போடுங்கள். ஒயர்கள் நிறைய போகும் துளையில் கிரோமெட்டுக்கும் ஒயருக்கும் நடுவே பியூட்டைல் பிசினைத் திணித்து அடைக்கலாம். சிலிக்கான் போடாதீர்கள். பிற்பாடு ஒயர் மாற்றும்போது கிழிக்க வேண்டிவரும். புளித்த வாடை வீசும் அசிட்டிக் வகை சிலிக்கான் தாமிரத்தையும் அரிக்கும்.

மார்ச் 5

பழையதை எடுப்பது.

முதலில் ஒரு எச்சரிக்கை. பழைய வண்டியில், ஃபயர்வாலிலோ எக்ஸாஸ்டுக்குப் பக்கத்திலோ சாம்பல் வெள்ளை நிறத்தில் அட்டை மாதிரியோ நார் மாதிரியோ ஏதாவது இருந்தால், சோதனைச் சாலையில் பார்க்கும்வரை அதை ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்வாகச் சுரண்டாதீர்கள், பிரஷ் போடாதீர்கள், காற்றுப் பீய்ச்சாதீர்கள், வீட்டு வேக்வம் கிளீனரை அருகே கொண்டுபோகாதீர்கள். சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, சின்னத் துண்டு ஒன்றை இரட்டைப் பையில் போட்டுச் சோதனைக்கு அனுப்புங்கள். முடிவு வரும்வரை கை வைக்க வேண்டாம். பானெட்டில் மாவாகக் கொட்டும் மஞ்சள் அல்லது கறுப்பு ஃபோம் பாலியூரித்தேன்தான். அதற்கும் முகமூடியும் கண்ணாடியும் வேண்டும். தூள் தலைக்கு மேலிருந்து கண்ணுக்குள் விழும்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பாலித்தீன் விரிப்பால் என்ஜின் முழுவதையும் மூடி, ஏர் கிளீனர் வாயையும் ஆல்டர்னேட்டரையும் தனியாகச் சுற்றுங்கள். உங்கள் டபிள்யூ 123-ல் ஒரு வசதி: கீலில் இருக்கும் பூட்டை விடுவித்தால் பானெட் நேர் செங்குத்தாக நிற்கும். சுவரில் வேலை செய்கிற மாதிரி நின்றுகொண்டே செய்யலாம். அப்படி நிற்காத வண்டியில், கீல் நின்ற இடத்தைப் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, இரண்டு பேராகக் கழற்றி, போர்வை மேல் கவிழ்த்து வைத்துச் செய்வது நல்லது. நான்கு போல்ட் கழற்ற ஆகும் நேரம், தலைக்கு மேல் கை தூக்கிச் சுரண்டும் நேரத்தைவிட நிச்சயமாகக் குறைவு.

ஃபோமைப் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் தள்ளுங்கள். பெருவாரியாக வந்துவிடும். எஞ்சுவது மஞ்சளாக, தோல் போலப் படிந்த பசை. மினரல் டர்பென்டைனில் நனைத்த துணியை அதன் மேல் பரப்பி, துணி காயாமல் இருக்க மேலே பாலித்தீன் ஒட்டி, 15 அல்லது 20 நிமிடம் விடுங்கள். பசை ஜெல்லியாகும். சுரண்டுங்கள். ஒட்டியிருக்கும் இடத்துக்கு மறுபடி அதே துணி. அவசரப்பட்டு டிரில்லில் கம்பி பிரஷ் மாட்டினால், பசை உருகி இழுபட்டுப் பெயின்ட்டில் தேய்ந்து ஒட்டும், பெயின்ட்டும் போகும். கடைசியாகச் சோப்புத் தண்ணீர், பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். வெள்ளைத் துணியில் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். பசை எச்சத்தின் மேல் ஒட்டிய புதுப் பசை பழைய பசையோடு சேர்ந்து உரிந்து வரும்.

ஹீட் கன் வேண்டாம். பாலியூரித்தேன் கருகினால் வரும் புகையில் ஹைட்ரஜன் சயனைடும் ஐசோசயனேட்டும் இருக்கும்.

மார்ச் 6

நேற்றைய குறிப்புக்கு ஒரு சேர்க்கை. பலர் "தின்னரில் துடைத்தால் இரண்டே நிமிடம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பாகம் கலந்து அடித்த கடினமான பெயின்ட்டாக இருந்தால் சரி. பழைய நைட்ரோசெல்லுலோஸ் அல்லது அக்ரிலிக் லாக்கர் அடித்த வண்டியில் தின்னரும் அசிட்டோனும் பசையோடு பெயின்ட்டையும் கரைக்கும். பானெட்டின் அடியில், பூட்டுக்குப் பக்கத்தில், கண்ணில் படாத இடத்தில், தின்னரில் நனைத்த பருத்திப் பஞ்சை ஒரு நிமிடம் வையுங்கள். நிறம் ஏறினால் தின்னரை மூடி வைத்துவிட்டு டர்பென்டைனுக்குத் திரும்புங்கள்.

மார்ச் 6, இரவு

ஃபோமுக்குப் பின்னால் துரு இருந்தால்: வெறும் தகரம் வரை தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி, எபாக்சி பிரைமர், மேல் பெயின்ட். அடித்த மறுநாளே ஒட்டாதீர்கள். முழுதாகக் கெட்டிப்படாத பெயின்ட்டைக் கான்டாக்ட் சிமென்ட்டின் (ஃபோமை ஒட்டப்போகும் பசை) கரைப்பான் சுருக்கிவிடும். ஒரு வாரம் விடுங்கள்.

மார்ச் 9

எந்த ஃபோம் என்பது இப்போது.

அந்த வண்டிக்கென்றே வார்த்த பானெட் பேட் கிடைத்தால் அதையே வாங்குங்கள். பானெட்டின் அடியில் விறைப்புக்காக ஓடும் விலா எலும்புகளுக்கு ஏற்ற பள்ளம், ஏர் கிளீனர் மேல் மெலிந்த இடம் எல்லாம் தயாராக இருக்கும். டபிள்யூ 123-க்கு இப்போதும் கிடைக்கிறது. கிடைக்காத வண்டிகளுக்கு ஷீட்டாக வாங்கி வெட்ட வேண்டும்.

தீயைப் பற்றித் தெளிவாக இருங்கள். "எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 302-க்கு உட்பட்டது" என்று சிலர் பெருமையாக அச்சிட்டு விற்கிறார்கள். அது வண்டியின் உட்புறப் பொருள்களுக்கான அமெரிக்க விதி. கிடைமட்டமாக வைத்த துண்டில் நெருப்பு நிமிடத்துக்கு 102 மி.மீ.-க்கு மேல் பரவக் கூடாது, அவ்வளவுதான் அது கேட்பது. எரியவே கூடாது என்று சொல்லவில்லை. என்ஜின் அறைக்கு அது போதாது. எரியும் தன்மையைச் சோதிக்கும் யூ.எல். 94 என்ற தரவிதியின் கீழ் வி-0 அல்லது ஃபோமுக்கான எச்.எஃப்-1 தரம் கேளுங்கள். சுடரை எடுத்ததும் தானே அணைய வேண்டும். வாங்கியதில் ஒரு துண்டு வெட்டி, வெளியே திறந்த இடத்தில், இடுக்கியில் பிடித்து, லைட்டர் காட்டிப் பாருங்கள். சொட்டுச் சொட்டாக எரிந்து விழுகிறதென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பாலியூரித்தேன் தொடர்ந்து 100 டிகிரி செல்சியஸ் அளவைத் தாங்கும். மெலமைன் ஃபோம் 200 வரை போகும், தானே அணையும், கன மீட்டருக்கு 10 கிலோவுக்குள்தான் எடை. குறை என்னவென்றால் அது நொறுங்கும், தண்ணீரையும் எண்ணெயையும் உறிஞ்சும். அதனால் முகத்துணி இல்லாமல் ஒட்டக் கூடாது. கார்புரேட்டர் வண்டியின் பானெட்டுக்கும் எக்ஸாஸ்ட் பக்கத்துக்கும் நான் மெலமைனைத்தான் சொல்வேன்.

மூடிய கண்ணறை ஃபோம் (ஏ.சி. குழாய்களுக்குச் சுற்றும் நைட்ரைல் ரப்பர் மாதிரி) தண்ணீரை வாங்காது, ஆனால் சத்தத்தையும் வாங்காது. ஃபெல்ட் நன்றாக வேலை செய்யும், ஆனால் நனைந்தால் காய நாளாகும், எலிக்குப் படுக்கை விரித்த மாதிரியும் ஆகிவிடும். மூடாத கண்ணாடி நாரும் செராமிக் நாரும் காற்றோட்டத்தில் உதிரும். அந்தக் காற்று வண்டிக்குள்ளும் வரலாம். வேண்டவே வேண்டாம்.

மார்ச் 10

"ஃபோமுக்கும் அலுமினிய முகம் உண்டே, அதுவும் சத்தத்தைத் திருப்பித்தானே அனுப்பும்?" சரியான கேள்வி. தடித்த தாள் என்றால் ஆமாம், மேல் சுருதியைப் பெருமளவு திருப்பிவிடும். மெல்லிய படலம், ஃபோமோடு சேர்ந்து அசையக்கூடியது, நடுத்தர ஓசையை உள்ளே விடும். ஆகவே பானெட் முழுக்க வெள்ளி மினுங்கத் தேவையில்லை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் டர்போவுக்கும் நேர் மேலே ஒரு கை அகலம் கூடுதலாக அலுமினிய முகம், மற்ற இடமெல்லாம் கறுப்பு நெய்யாத துணி முகம். அலுமினியம் சூட்டைத் திருப்ப வேண்டுமானால் சூடான பொருளுக்கும் அதற்கும் நடுவே காற்று இடைவெளி இருக்க வேண்டும், முகம் சுத்தமாகவும் இருக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குப் படிந்துவிட்டால் அது பெயருக்குத்தான் அலுமினியம்.

இன்னொன்று, கட்டாயம் பாருங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் டெர்மினலுக்கு மேல் அலுமினிய முகம் வந்தால், ஃபோம் தொய்ந்த அன்று ஷார்ட் ஆகும். அந்த இடத்தில் துணி முகம் போடுங்கள். டெர்மினலுக்கு ரப்பர் மூடியும் போடுங்கள்.

மார்ச் 12

அளவெடுப்பது, இடைவெளி பார்ப்பது.

இடைவெளிக்கு: விளையாட்டுக் களிமண்ணைக் கூம்பாக உருட்டி, ஏர் கிளீனர் நடுநட், ரேடியேட்டர் மேல் குழாய், பேட்டரி, பிரேக் திரவக் குப்பி, என்ஜினின் உயரமான புள்ளி இவற்றின் மேல் வையுங்கள். மேலே மெல்லிய பாலித்தீன் போட்டு பானெட்டை மெதுவாக மூடித் திறந்து, நசுங்கிய உயரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 15 மி.மீ. கழித்தால் மிஞ்சுவதுதான் அந்த இடத்தில் ஃபோமின் அதிகபட்சக் கனம். என்ஜின் மவுன்டில் ஆடும், முடுக்கும்போது ஒரு பக்கம் எழும்பும். அதற்குத்தான் அந்த 15. சில இடங்களில் 25 போடலாம், சில இடங்களில் 10-க்கு மேல் முடியாது. பானெட்டை அழுத்தி மூட வேண்டியிருக்கிறது என்றால் ஃபோம் எங்கோ முட்டுகிறது. பூட்டு அதைத் தாங்குகிறதே என்று விடாதீர்கள்.

அளவுக்கு: பழுப்புத் தாளை பானெட்டின் அடியில் டேப்பால் நிறுத்தி, விலா எலும்புகளின் ஓரத்தை மெழுகு கிரேயானைப் படுக்கவைத்துத் தேயுங்கள். விளிம்பு தானே தெரியும். தாளை எடுப்பதற்கு முன், உங்களைப் பார்க்கும் பக்கத்தில் "என்ஜின் பக்கம்", "முன்", "இடது" என்று எழுதிவிடுங்கள். இதை எழுதாமல் வெட்டினால் கண்ணாடியில் பார்த்த மாதிரி எதிர்த் துண்டு வரும். ஒரு பக்க முகம் கொண்ட ஷீட்டைத் திருப்பிப் போடவும் முடியாது, முழுத் துண்டும் வீண்.

விலா எலும்புகளின் மேல் ஒட்டாமல், அவற்றுக்கு நடுவே உள்ள கட்டங்களில் தனித்தனியாக ஒட்டுங்கள். ஓரத்தில் 2 மி.மீ. கூடுதலாக வெட்டினால் இறுக்கமாக உட்காரும். பூட்டு, ஸ்பிரிங் பிடிப்பு, வாஷர் குழாய், காற்றுத் துளை, தண்ணீர் வடியும் துளை இவற்றைச் சுற்றி 10 மி.மீ. விடுங்கள். புதிய, உடைகத்தி வகை பிளேடால் ஒரே இழுப்பில் வெட்டுங்கள். கத்தரிக்கோல் ஃபோமை நசுக்கி ஓரத்தைச் சரிவாக்கும்.

வெட்டிய ஓரங்கள் எல்லாவற்றையும் அலுமினிய டேப்பாலோ துணி டேப்பாலோ மூடுங்கள். எண்ணெய் உள்ளே நுழைவது முகம் வழியாக அல்ல, மூடாத ஓரம் வழியாக.

மார்ச் 14

ஒட்டுவது. பேட் கீழே விழுந்தது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்தக் கட்டத்தில் பிறந்தவை.

பொது வேலைக்கான ஸ்ப்ரே பசை பல, கறுப்பு பானெட் வெயிலில் அடையும் சூட்டுக்கே இளகிவிடும். வேண்டியது நியோபிரீன் அடிப்படையிலான, சூடு தாங்கும் கான்டாக்ட் சிமென்ட். டப்பாவில் தாங்கும் வெப்பநிலை எழுதியிருக்க வேண்டும். கெட்டியாக்கி கலக்கிற வகை இன்னும் உசத்தி. 1.5 சதுர மீட்டருக்கு 1 லிட்டர் போதும். ஷீட்டிலேயே ஒட்டும் பசை பூசி வந்தால், அது அக்ரிலிக் பசையா என்று கேளுங்கள். ரப்பர் பசை சூட்டில் நழுவும்.

தகரத்தில் மெல்லிய ஒரு பூச்சு. ஃபோமில் இரண்டு, ஏனென்றால் முதல் பூச்சை அது உறிஞ்சிவிடும். குட்டை மயிர் ரோலர் நல்லது. ஓரங்களில் 5 செ.மீ. அகலத்துக்குக் கொஞ்சம் தாராளமாக. பிறகு காத்திருங்கள். விரலின் பின்பக்கத்தை வைத்து எடுத்தால் ஒட்டுகிற உணர்வு மட்டும் இருக்க வேண்டும், நூல் இழுக்கக் கூடாது. சீக்கிரம் ஒட்டினால் கரைப்பான் உள்ளே மாட்டிக்கொண்டு, முதல் சூட்டில் குமிழாகத் தள்ளும். மிகத் தாமதித்தால் இரண்டு படலமும் ஒன்றாகாது. மழை ஈரம் நிறைந்த நாளில் செய்யாதீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, அதன் மேல் பனி படியும். பார்த்தால் பால் பூத்த மாதிரி மங்கலாக இருக்கும். அதன் மேல் ஒட்டினால் பிடிக்காது.

கான்டாக்ட் சிமென்ட் பட்டால் பட்டதுதான், நகர்த்த முடியாது. பெரிய துண்டுக்கு, மெழுகுத் தாள் இரண்டை நடுவில் விரல் அகல இடைவெளி விட்டுத் தகரத்தின் மேல் வையுங்கள். ஃபோமை அதன் மேல் சரியாகப் பொருத்தி, நடுக்கோட்டை அழுத்தி, தாளை ஒரு பக்கமாக உருவிக்கொண்டே வெளிநோக்கி அழுத்துங்கள். இந்தப் பசையின் பலம் அழுத்தத்தில் இருக்கிறது, நேரத்தில் இல்லை. உள்ளங்கையால், ஓரத்தில் மறுபடி.

கதவெல்லாம் திறந்த இடத்தில், நெருப்பு, ஹீட்டர், சுவிட்ச் பொறி எதுவும் இல்லாமல் செய்யுங்கள். ஒரு நாள் முழுக்க என்ஜினை ஓட்டாதீர்கள்.

மார்ச் 15

"ஓடும்போது விழவில்லை, நிறுத்தி வைத்த பிறகுதான் தொய்கிறது, ஏன்?" ஓடும்போது ஃபேனும் எதிர்காற்றும் சூட்டை வாரிப் போகின்றன. என்ஜினை அணைத்ததும் காற்று நின்று, மேனிஃபோல்டின் சூடு அப்படியே மேலே எழுந்து பானெட்டின் அடியில் தேங்கும். பசைக்குக் கடுமையான நேரம் அந்த அரை மணிதான். பசையைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த அரை மணியை மனதில் வையுங்கள்.

மார்ச் 19

பின்னால் என்ஜின் உள்ள வண்டிக்காரர்கள் கேட்டதற்கு. காற்றால் குளிரும் போர்ஷே 911, ஃபோக்ஸ்வாகன் பீட்டில் இரண்டிலும் விஷயம் சத்தத்தோடு முடியாது. குளிரூட்டும் ஃபேன், என்ஜின் அறைக் காற்றையே இழுத்து சிலிண்டர் செதில்களின் மேல் தள்ளுகிறது. உதிர்ந்த ஃபோம் அந்தச் செதில்களுக்கு நடுவே போய் அடைந்தால், ஒரு சிலிண்டர் மட்டும் தனியாகச் சூடேறும். வெளியிலிருந்து எதுவும் தெரியாது. ஃபோம் உதிர்ந்திருந்தால் ஃபேன் உறைக்குள் விளக்கடித்துப் பார்க்காமல் ஓட்டாதீர்கள். புதிதாக ஒட்டும்போது பசையை மட்டும் நம்பாமல், வாஷர் மாட்டிய ஊசிகளாலோ கம்பி வலையாலோ பிடித்து நிறுத்துங்கள்.

பீட்டிலில் தார் அட்டைகளை மடக்கு தகர நாக்குகள் பிடித்திருக்கும். நாக்கை ஒரே ஒரு முறை நிமிர்த்தி, ஒரே ஒரு முறை மடக்கும் வேலையாகத் திட்டமிடுங்கள். திரும்பத் திரும்ப வளைத்தால் முறியும். என்ஜினைச் சுற்றிய ரப்பர் பட்டை கிழிந்திருந்தால் கீழேயுள்ள சூடான காற்று மேலே வந்துவிடும். அட்டையை மாற்றும்போதே அதையும் மாற்றுங்கள்.

மார்ச் 23

ஃபயர்வாலின் என்ஜின் பக்கம். மார்ச் 2-ல் ஒற்றை வரியில் முடித்திருந்தேன், அது போதாது.

வரிசை இது: துளைகளை அடைத்தல், உள்பக்கத் தகரத்தில் பியூட்டைல், அதன் மேல் ஃபோம் முதுகு கொண்ட கனமான வினைல், கடைசியாக என்ஜின் பக்கத்துப் பேட். பியூட்டைல் முழுப் பரப்பையும் மூடத் தேவையில்லை. தட்டினால் மணியடிக்கும் தட்டையான இடங்களின் நடுவில், பரப்பில் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு போதும். மடிப்பும் விலா எலும்பும் உள்ள இடம் தானே விறைப்பாக இருக்கும். ரோலரால் நன்றாக அழுத்துங்கள். கீழே காற்று நின்றால் ஷீட் வேலை செய்யாது. வினைலுக்கு மாறான விதி: அது இடைவெளியே இல்லாமல் மூடினால்தான் பயன்.

என்ஜின் பக்கத்துப் பேட் அடியோரத்தில் 10 மி.மீ. தூக்கி நிற்கட்டும். தரையைத் தொட்டால் திரியாகத் தண்ணீரை ஏற்றி, பின்னால் உள்ள தகரத்தை வருடக்கணக்கில் ஈரமாக வைத்திருக்கும். வைப்பர் தொட்டியின் வடிகாலை மூடாதீர்கள். சேசிஸ் எண், பெயின்ட் குறியீட்டுத் தகடு மேல் ஒட்டாதீர்கள். பிரேக் பூஸ்டருக்குப் பின்னால் பேட் போக வேண்டுமென்றால் பூஸ்டரைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அதைச் செய்ய மனமில்லாவிட்டால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். இடுக்கில் திணித்த துண்டு ஆக்சிலரேட்டர் கேபிளில் உரசும்.

பெட்டி போன்ற உள்ளறைகளில் நுரையைப் பீய்ச்சி நிரப்பும் யோசனையை யாரும் எடுக்காதீர்கள். ஈரம் உள்ளே மாட்டி, வெளியே தெரியும் முன் உள்ளிருந்தே துரு தின்றுவிடும்.

ஏப்ரல் 1

என்ஜினுக்கு அடியில் மாட்டும் கீழ்த்தட்டுக்கும் சத்தத்தில் பங்கு உண்டா என்று கேட்டவருக்கு. ஆமாம், டீசலில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 1983-ல் வந்த மெர்சிடிஸ் 190 டி, என்ஜினைச் சுற்றி உறைபோட்டு மூடியே அமைதியான டீசல் என்று பேர் வாங்கியது. மேலே எத்தனை ஃபோம் இருந்தாலும், அடியில் திறந்திருந்தால் சத்தம் தரையில் பட்டுப் பக்கவாட்டில் வெளியேறும். உங்கள் வண்டிக்குத் தட்டு வந்திருந்து, ஆயில் மாற்றும்போது கழற்றி யாரோ திரும்ப மாட்டாமல் விட்டிருந்தால், அதைத் தேடிப் போடுங்கள். வராத வண்டிக்குத் தகரத்தில் அடித்து மாட்டும்போது ரேடியேட்டர் காற்று வெளியேறும் வழி அடைபடும். வெப்பநிலை முள்ளைப் பார்க்காமல் அதில் இறங்க வேண்டாம்.

ஏப்ரல் 12

ஒட்டிய பிறகு. முதல் நீண்ட ஓட்டத்துக்குப் பின், என்ஜின் சூடாக இருக்கும்போதே, எல்லா ஓரங்களையும் விரலால் ஓட்டிப் பாருங்கள். தூக்கிய ஓரத்தை அப்போதே அழுத்தினால் ஒட்டும். ஆறிய பிறகு ஒட்டாது. ஃபோமின் முகத்தில் பளபளப்பான தேய்மானமோ வட்டமான பள்ளமோ தெரிந்தால், கீழே எது அந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தை மெலிதாக வெட்டி ஓரத்தை டேப்பால் மூடுங்கள்.

முன்னும் பின்னும் அளக்க ஃபோன் செயலி போதும், ஆனால் அதே சாலை, அதே கியர், அதே சுற்று, கண்ணாடிகள் மூடி, ஹீட்டர் ஃபேன் அணைத்து. செயலியில் ஏ, சி என்று இரண்டு அளவுகோல் இருக்கும். ஏ-யில் மட்டும் வைக்காதீர்கள், அது கீழ்ச் சுருதியைக் குறைத்தே காட்டும். சி-யிலும் எடுங்கள். ஏ குறைந்து சி அப்படியே நின்றால் பஞ்சு தன் வேலையைச் செய்துவிட்டது, அடுத்து பார்க்க வேண்டியது மவுன்ட்.